மூலநிரல் வரி எண்ணிக்கை

ஒரு மென்பொருளின் மூலநிரல் எத்தனை வரி நீளம் என்ற கணக்கு. நிரலை ஆராயும் கருவிகள் பலவும் இதைத் தம் அறிக்கையில் தருகின்றன. எண்ணுவது எளிது, எதை வரி என்று கொள்வது என்பதில்தான் சிக்கல்.

துளை அட்டைக் காலத்தில் அந்தச் சிக்கல் குறைவு. ஒரு வரிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு 80 கட்டம், ஒரு பெட்டிக்கு 2000 அட்டை. நிரலின் பருமனைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். போர்ட்ரான் மொழியில் கட்டங்களுக்கும் ஒழுங்கு இருந்தது. முதல் 5 கட்டங்கள் கூற்றின் எண்ணுக்கு. 6ஆவதில் குறியிருந்தால் முந்தைய அட்டையின் தொடர்ச்சி. 7 முதல் 72 வரை நிரல். கடைசி 8 கட்டங்களில் அட்டையின் வரிசை எண்ணை இடுவார்கள், கட்டு கைதவறிச் சிதறினால் திரும்ப அடுக்குவதற்கு. முதல் கட்டத்தில் 'சி' என்ற எழுத்து விழுந்திருந்தால் அது மனிதர் படிப்பதற்கான குறிப்பு. இன்றைய கருவிகள் நிரலையும் குறிப்பையும் தனித்தனியே எண்ணும் வழக்கத்துக்கு வித்து இந்த அட்டையிலேயே இருக்கிறது.

1971இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பில் வரிகளை எண்ணும் 'டபிள்யூசி' கட்டளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. வெற்று வரியும் அதற்கு ஒரு வரிதான்.

வரிகளில் இருவகை உண்டு: கண்ணுக்குத் தெரியும் வரி, கூற்றைக் கணக்கில் கொள்ளும் தருக்க வரி. சி மொழியில் ஒரு 'ஃபார்' சுழற்சியையும் அதற்குள் அச்சிடும் ஒரு கூற்றையும் ஒரே வரியில் எழுதலாம். அடைப்புக்குறிகளைத் தனி வரிகளில் இறக்கினால் அதுவே 4 வரி. தருக்க வரியோ இரண்டிலும் 2 மட்டுமே. ஆகவே தருக்க வரியே நேர்மையான அளவு. ஆனால் அதை எண்ண மொழியின் இலக்கணம் கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறிப்பைப் பிரிப்பதில்கூடத் தவறும்: மேற்கோளுக்குள் இருக்கும் இணைய முகவரியின் இரட்டைச் சாய்கோட்டைக் குறிப்பின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும்.

பாரி போம் 1981இல் விளக்கிய 'கோகோமோ' முறை வரிகளை உழைப்பாக மாற்றியது. அதன் எளிய வாய்பாட்டில் 10,000 வரிக்குச் சுமார் 27 ஆள்-மாதம். 2001இல் டேவிட் வீலர் தம் 'ஸ்லாக்கவுன்ட்' கருவியால் ரெட் ஹாட் லினக்ஸ் 7.1 இயங்குதளத்தின் வரிகளை எண்ணினார். படியெடுத்த கோப்புகளையும் தானாக உருவானவற்றையும் தள்ளிய பிறகும் 3 கோடி வரிக்கு மேல் தேறியது. வழக்கமான முறையில் உருவாக்கியிருந்தால் 100 கோடி டாலருக்கு மேல் ஆகியிருக்கும் என்று கோகோமோவைக் கொண்டு மதிப்பிட்டார்.

தனி ஒருவரின் உழைப்பை இதே கோலால் அளப்பது பிழை. 1982இல் ஆப்பிளின் லிசா கணினிக் குழுவில் வாரந்தோறும் எழுதிய வரிகளைப் படிவத்தில் குறிக்கச் சொன்னார்கள். அக்குழுவின் நிரலர் பில் அட்கின்சன், குவிக்டிரா என்ற தம் வரைகலை நிரலின் ஒரு பகுதியைச் சுருக்கி, சுமார் ஆறு மடங்கு வேகமாக்கியிருந்த வாரம் அது. படிவத்தில் அவர் எழுதியது: -2000.

தற்போது கிளாக், டோக்கெய், எஸ்சிசி முதலிய கருவிகள் புழக்கத்தில் உள்ளன.