மாஸ்டா சிஎக்ஸ்-60
மாஸ்டா சிஎக்ஸ்-60 என்பது சப்பானின் மாஸ்டா நிறுவனம் 2022 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய, ஐந்து இருக்கைகள் கொண்ட குடும்பப் பயன்பாட்டுத் தானுந்து ஆகும். இதன் மென்கலப்பின டீசல் வகையில் 3.3 லிட்டர் கொள்ளளவுடைய ஆறு உருளைப் பொறியும் 48 வோல்ட் மின்னமைப்பும் உள்ளன. ஆற்றல் மிகுந்த வடிவம் 254 மெட்ரிக் குதிரைத்திறனும் 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும்.

இயக்கம்

பொறிக்கும் எட்டு வேகப் பல்லிணைப் பெட்டிக்கும் இடையே சிறிய மின்னோடி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. வண்டி புறப்படும்போது இது பொறிக்குத் துணைபுரிகிறது. வேகம் குறையும்போது மின்னாக்கியாக மாறி மின்கலத்தை மின்னேற்றுகிறது. இதனால் எரிபொருள் ஓரளவு மிச்சமாகிறது. ஆயினும் மின்கலத்தை வெளியிலிருந்து மின்னேற்ற இயலாது. ஓட்டத்திற்கான ஆற்றல் முழுவதும் டீசலிலிருந்தே கிடைக்கிறது.

நெடுஞ்சாலைப் பயணத்திற்கு இப்பொறி ஏற்றது எனக் கருதப்படுகிறது. மேடுபள்ளமான சாலைகளில் தொங்கலமைப்பு இறுக்கமாக இருப்பதாகத் திறனாய்வாளர்கள் குறைகூறியதால், மாஸ்டா பின்னர் அதனைத் திருத்தியமைத்தது.