அந்த 41 பேர் யார்?

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு அருகே நிற்கிறது ஒரு மணிக்கூண்டு. காய்கறி மூட்டை ஏற்றிய வண்டிகளும், கட்டுச் சுமந்த தோள்களும், பேரம் பேசும் குரல்களும் நாள்தோறும் அதனைச் சுற்றிச் சுழல்கின்றன. அண்ணாந்து பார்க்க நேரமுள்ளோர் சிலரே. அதன் உடலில் பதித்த கல்லைப் படிப்போர் அதனினும் சிலர். 1914 முதல் 1919 வரை நடைபெற்ற பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 302 பேர் சென்றனர், அவர்களுள் 41 பேர் உயிர் துறந்தனர் என்கிறது அக்கல். அவ்வளவே!

திருவரங்கத்தில் ஆசிரியனாக இருக்கும் நான், உலகப்போர் பாடம் நடத்தியபின் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றேன். ஏட்டில் படித்ததை எதிரே காணட்டுமே என்ற எண்ணம். கல்லைப் படித்து முடித்த ஒரு மாணவன் திரும்பி நின்று கேட்டான்: "ஐயா, அந்த 41 பேர் யார் யார்? பெயரைக் காணோமே?"

பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. 1752ஆம் ஆண்டு திருவரங்கத் தீவில், கோயில் மதில்களுக்குள் முடங்கிக் கிடந்த பிரெஞ்சுப் படைத்தலைவன் லா, ஆங்கிலேயரிடம் சரணடைந்த கதையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பேன். தலைவனின் பெயர் தெரியும். தாக்கியவனின் பெயர் தெரியும். அவர்கள் பின்னே நின்று குண்டடி பட்ட சிப்பாயின் பெயர்? கற்பித்தாரும் இல்லை, கேட்டதும் இல்லை நான். கேட்டவன் என் மாணவன்!

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு சென்னை நந்தம்பாக்கத்துக்குச் சென்றேன். அங்கே 1952ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தென்னாட்டிலும் கிழக்குப் பகுதியிலும் ஊர்க் கல்லறைகளிலும் படைவீட்டுக் கல்லறைகளிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர் வீரர்களை, அங்கெல்லாம் தொடர்ந்து பராமரிக்க இயலாதென்று, பெயர்த்துக் கொணர்ந்து ஒருங்கே அடக்கிய இடம். 850க்கு மேற்பட்ட கல்லறைகள். முதல் உலகப்போரில் மாண்டு, இந்நாட்டில் பல்வேறு ஊர்களில் புதைக்கப்பட்ட 1,000க்கு மேற்பட்டோரின் பெயர் தாங்கிய நினைவுச் சின்னமும் அதே தோட்டத்தில் நிற்கிறது.

என்னே ஒழுங்கு! வரிசை வரிசையாகக் கற்கள். ஒரே அளவு, ஒரே அமைப்பு. ஆணையிட்ட அதிகாரிக்குப் பக்கத்தில், அவன் ஆணைக்கு அடிபணிந்த சாதாரணச் சிப்பாய். இது தற்செயலன்று. 1917இல் தோன்றிய பேரரசுப் போர்க் கல்லறை ஆணையத்துக்கு நெறி வகுத்தவர் பிரடெரிக் கென்யன் என்னும் அறிஞர். பிரபு வீட்டுப் பிள்ளைக்குப் பளிங்கு மண்டபம், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மண்மேடு என்ற நிலை கூடாது. பதவி, இனம், மதம் எதனாலும் வேற்றுமை காட்டலாகாது என 1918இல் அவர் எழுதிக் கொடுத்தார். செல்வர் சீறினர், சவப்பெட்டியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள் என்று மன்றாடினர். ஆணையம் அசையவில்லை.

படித்தபோது மெய்சிலிர்த்தது. ஆனால், அந்தச் சமத்துவம் எதுவரை சென்றது?

ஈராக் நாட்டிலுள்ள பாசுரா நினைவகம் 1929இல் திறக்கப்பட்டது. மெசொபொட்டேமியாப் போர்க்களத்தில் மாண்டு, கல்லறை அறியப்படாத 40,000க்கு மேற்பட்டோருக்காக எழுப்பப்பட்டது அது. சென்னைச் சாப்பர் படையினர் பாலம் அமைத்தும் பாதை வெட்டியும் பணியாற்றிய களம் அது. அந்நினைவகத்தில் வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கோ எண்ணிக்கை மட்டும்! இன்ன படைப்பிரிவு, இத்தனை பேர் என்று கணக்கெழுதி முடித்துவிட்டனர்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதே கதை. 1914 நவம்பரில் தாங்கா துறைமுகத்தில் இறங்கிய படைகளுள் பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் ஒன்று. கறுத்தவனுக்குத் தனிக்கல் எதற்கு, அதன் அருமை அவனுக்குத் தெரியுமா என்று அந்நாளில் ஆப்பிரிக்காவை ஆண்ட ஆளுநர்களே பேசினர். நூறாண்டு கழித்து, 2021இல், அதே ஆணையம் தன் தவற்றைத் தானே ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஆப்பிரிக்கரும் ஆசியருமாக 45,000 முதல் 54,000 பேர் சமமின்றி நினைவுகூரப்பட்டனர். மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயராலோ வேறு எவ்வகையாலோ நினைவுகூரப்படவே இல்லை என்று அது ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

உயிரோடிருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது? 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய இராபர்ட்சு, தென்னாட்டான் போருக்கு ஆகாதவன் என்று முத்திரை குத்தினார். வீரம் சில குலங்களின் பிறப்புரிமையாம்! வருணத்தை வகுத்தவன் வாயிலிருந்து வந்ததுபோல் இல்லையா அந்த வாசகம்? சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1920களின் இறுதியில் இல்லாமலே ஆயின. இட்லர் போர் தொடுத்தபின், ஆள் தேவைப்பட்டபோது, தென்னாட்டானின் தோள் மறுபடி கண்ணில் பட்டது. காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோவில், வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் தாமே பாய்ந்து விழுந்து தோழர்களைக் காத்து மாண்டார். ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் அவர். போருக்கு ஆகாத குலம்!

வெள்ளையனை மட்டும் வைது முடித்துவிட எனக்கு மனமில்லை. நந்தம்பாக்கத்தில் நின்றபோது என் தாயூர் நினைவுக்கு வந்தது. அங்கே ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு. பாதையும் வேறு. மழைக்காலத்தில் ஒரு சாரார் பிணத்தை வரப்பில் வழுக்கி வழுக்கிச் சுமப்பர். மற்றொரு சாராருக்குக் கல் பாவிய வழி. பாசுராவில் சிப்பாயின் பெயரை மறைத்தவனும், வரப்பிலே பிணத்தை நடத்துகிறவனும் ஒரே பள்ளியில் பாடம் படித்தவர்களோ என்று ஐயுறுகிறேன்.

தமிழன் அப்படியா தொடங்கினான்? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில், 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்துகள் உள்ளன. கூடலூர் ஆநிரைப் போரில் மாண்ட தீயன் அந்தவன் என்பானுக்கு நட்ட கல் அவற்றுள் ஒன்று. அவன் வேந்தனல்லன், குறுநில மன்னனும் அல்லன். மாடு கவர்ந்த சண்டையிலே மாண்ட மறவனுக்கும் ஊரையும் பெயரையும் உளியால் பொறித்து வைத்தவர் நம் முன்னோர். பெரும்போரில் மாண்ட திருச்சி மறவர்க்கோ ஓர் எண்!

திரும்பி வந்தபின், மாணவர்களும் நானுமாக ஆணையத்தின் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கியிருக்கிறோம். இன்று அவை கணினியில் எவரும் காணக் கிடைக்கின்றன. இரண்டாம் போரில் மாண்டோர் பலர்க்குத் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் என்று ஒரு வரி உண்டு. முதல் போரினர்க்கு அந்த வரி பெரும்பாலும் வெற்று. வெள்ளை எழுத்தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் வேறு! முத்துச்சாமி ஒருவனே மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாவான். இராமசாமிகளோ, யார் எந்த ஊரென்று பிரிக்க முடியாத பெருங்கூட்டம். ஆகவே படைப்பிரிவு, இறந்த நாள், ஊர் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் ஒரு பெயரை எழுதுவது என்று மாணவர்களே விதி செய்துள்ளனர். முதலில் கேட்டவன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கோடு கிழித்து, 1 முதல் 41 வரை இலக்கமிட்டு வைத்திருக்கிறான். ஒவ்வொரு சனிக்கிழமையும் பள்ளி முடிந்தபின் அதைத் திறக்கிறோம். இவ்வாரம் சாப்பர் படைப் பட்டியலில் ஐம்பது பெயர் பார்த்தாயிற்று. அடுத்த வாரம் பாளையங்கோட்டைப் படை.