மந்தும் கேரியும்: மலைவாழிடப் பெயர்களில் படிந்த வரலாறு

மும்பைக்கு வடகிழக்கே, கல்யாணை அடுத்துள்ள உல்லாஸ்நகரில் வாழும் தமிழரிடம் மாதேரான் எத்தகைய ஊர் என வினவினால், ‘ஹில் ஸ்டேஷன்’ என்றே விடை கிடைக்கும். அவர்தம் மராத்திய அண்டைவீட்டார் ‘தண்ட ஹவேச்சே டிகாண்’ என்பர். குளிர்ந்த காற்றுடைய இடம் என்பது அத்தொடரின் பொருள். எழுத்துத் தமிழ் இதனையே ‘கோடை வாசஸ்தலம்’ என்றும் ‘மலைவாழிடம்’ என்றும் குறிக்கும். தெலுங்கில் ‘வேசவி விடிதி’, அதாவது வேனில் விடுதி, மலையாளத்தில் ‘சுகவாச கேந்திரம்’, கன்னடத்தில் ‘கிரிதாமம்’. பொருள் ஒன்றாயினும் மராத்தி காற்றையும், தெலுங்கு பருவத்தையும், மலையாளம் சுகத்தையும் பற்றி நிற்கின்றன. கன்னடச் சொல் ஒன்றே வந்து போகிறவரைப் பற்றி ஏதும் கூறாது மலையை மட்டும் சுட்டுகிறது. ஏனையவை சமவெளியிலிருந்து ஏறிச் சென்று மீள்பவரின் சொற்கள். அவ்விடங்களில் முன்னரே வாழ்ந்தவர்களின் சொற்கள் என்னவாயின என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆங்கிலச் சொல்லின் பின்புலத்தை முதலில் நோக்க வேண்டும். ‘ஸ்டேஷன்’ என்பது கும்பினி அதிகாரியும் படையும் பணிநிமித்தம் தங்கவைக்கப்பட்ட இடத்தின் பெயர். ஓய்வு என்னும் பொருள் அதில் பின்னர் ஏறியது. 1864 முதல் சிம்லா இந்திய அரசின் கோடைத் தலைநகராக இருந்தது. சென்னை மாகாண அரசு உதகைக்கும் பம்பாய் மாகாண அரசு மகாபலேஷ்வருக்கும் கோப்புகளுடன் இடம்பெயர்ந்தன. ‘வாசஸ்தலம்’ என்னும் தமிழாக்கத்தில் இந்த ஆட்சிப் பொருள் முற்றிலும் மறைந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இச்சொல்லை எங்கும் ஒருபடித்தாகப் பயன்படுத்துவது பொருந்தாது என்பது என் கருத்து. ஓய்விடமும் தலைநகரும் ஒன்றல்ல.

மாதேரானின் வரலாறு பெரும்பாலும் 1850இல் தொடங்குவதாகவே எழுதப்படுகிறது. அவ்வாண்டு மே மாதம் தாணே மாவட்டக் கலெக்டர் ஹியூ பாயின்ட்ஸ் மாலெட் அம்மலையை ‘கண்டுபிடித்தார்’ என்பர். ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள அம்மலைப் பகுதியில் தாக்கர், காத்கரி, தங்கர் ஆகியோர் அதற்கு முன்பே வாழ்ந்துவந்தனர். மலைக்குப் பெயரும் இருந்தது. ‘மாதா’ (தலை, உச்சி), ‘ரான்’ (காடு) என்னும் சொற்களின் சேர்க்கையாக, உச்சியில் அமைந்த காடு என அதற்குப் பொதுவாகப் பொருள் கூறுவர். வேறு விளக்கங்களும் உள. எவ்வாறாயினும் பெயர் உள்ள மலையை ஒருவர் சென்று காணலாமேயன்றிக் கண்டுபிடிக்க இயலாது. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் அமைத்த நேரல்–மாதேரான் குறுகிய இருப்புப்பாதை 1907இல் திறக்கப்பட்டது. மலையின் பெயர் மராத்தியாகவே நிலைத்தாலும், அதன் விளிம்புகள் லூயிசா பாயின்ட், அலெக்சாண்டர் பாயின்ட், எக்கோ பாயின்ட் என ஆங்கிலமாயின. வருவோர் நின்று பார்க்கும் இடங்களே பெயர் பெற்றன என்பதை நோக்குக.

மலையின் அடிவாரப் பள்ளத்தாக்கில் உல்லாஸ் ஆறு ஓடுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கல்யாண் இராணுவ முகாமாக விளங்கிய இடத்தில், பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். 1949 ஆகஸ்டு 8இல் கவர்னர் ஜெனரல் இராஜாஜி அடிக்கல் நாட்டியபோது அது உல்லாஸ்நகர் ஆயிற்று. வீடிழந்தோரின் முகாமுக்கு மகிழ்ச்சியின் பெயர். இதே சொல் இலங்கைத் தமிழில் ‘உல்லாசப் பயணி’ எனச் சுற்றுலாப் பயணியைக் குறிக்கிறது. நுவரெலியாவுக்குச் செல்பவர் அங்கு உல்லாசப் பயணி. உதகைக்குச் செல்பவர் இங்குச் சுற்றுலாப் பயணி.

மாதேரானில் மலைப்பெயராவது தப்பியது. நீலகிரியில் நிகழ்ந்தது வேறு. அம்மலை வரலாற்றுக்குப் புதிதன்று. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசனைப் பற்றிய 1117ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு நீலமலையையும் தோடரையும் குறிப்பிடுகிறது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1821ஆம் ஆண்டு சென்னைக் கெசட்டில் வெளிவந்த ஒரு கடிதத்தில் ‘ஓட்டோக்கிமந்த்’ என்பதுபோல் ஒலிக்கும் வடிவில் ஊர்ப்பெயர் காணப்படுகிறது. இதுவே ‘ஊட்டகமண்ட்’ ஆகி, ‘ஊட்டி’ எனச் சுருங்கி, அரசு வழக்கில் ‘உதகமண்டலம்’ ஆயிற்று. பெயரின் முற்பகுதிக்கு ‘ஒற்றைக்கல்’ உள்ளிட்ட விளக்கங்கள் பல கூறப்படுகின்றன. அவற்றுள் எதையும் உறுதியாக ஏற்பதற்கில்லை. பிற்பகுதியில் ஐயமில்லை. அது ‘மந்து’, வீடுகளும் எருமைப்பட்டியும் புனிதப் பால்மனையும் அமைந்த தோடர் குடியிருப்பு. தமிழின் மன்று, மன்றம் என்பவற்றோடு உறவுடையது இச்சொல். தோடர் அதனை ‘மொத்’ போன்று ஒலிப்பர். ‘மந்து’ ‘மண்டல’மாகவும் முற்பகுதி நீரைக் குறிக்கும் ‘உதக’மாகவும் மாறியபோது, தோடர் வாழ்ந்த இடம் நீர்சூழ் நிலப்பரப்பாகப் பொருள்பெற்றது. தூய்மைப்படுத்தும் நோக்கில் அமைந்த வடமொழி வடிவம், பெயரில் எஞ்சியிருந்த ஒரே சான்றையும் அழித்தது.

இதற்கு இணையான மாற்றம் கோத்தகிரியிலும் நிகழ்ந்துள்ளது. ‘கோத்தர் கேரி’ என்பதே அதன் மூலம் என்பர். கேரி என்பது தெரு. கோத்தர் ஊர்களின் அமைப்பும் கேரிகளாகப் பகுக்கப்பட்டதே. ‘கேரி’ ‘கிரி’யானதும் கோத்தரின் தெரு கோத்தரின் மலையாயிற்று. இரு பெயர்களிலும் மாற்றத்தின் திசை ஒன்றே: குடியிருப்பைக் குறித்த சொல் நிலக்காட்சியைக் குறிக்கும் சொல்லாகிறது. தற்செயலான ஒலியொப்புமை என ஒன்றைத் தள்ளலாம். இரண்டைத் தள்ளுவது கடினம். (தொட்டபெட்டாவில் இத்தகைய சிக்கலில்லை. ‘பெரிய மலை’ எனப் பொருள்படும் அப்பெயர் அவ்வாறே நிற்கிறது. நாம்தாம் அதனோடு ‘மலை’யைச் சேர்த்து ‘பெரிய மலை மலை’ என்கிறோம்.)

கோடைக்கானல் இந்த ஒழுங்கிற்கு அடங்காதது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் அங்கு வீடமைத்ததன் பின்னரே அது மலைவாழிடமாயிற்று. ‘கோடை’ வேனிலைக் குறிப்பதால், பெயரே ஆங்கில வழக்கின் தமிழாக்கம் போலத் தோன்றி மயக்கும். ஆனால் கோடை என்னும் மலையும் அதன் வேட்டுவத் தலைவனும் புறநானூற்றிலேயே (205) இடம்பெறுகின்றனர். அம்மலை இதுவே என்பர். கோடைக்கு மேல்காற்று என்னும் பொருளும் பழமையானது. ‘கானல்’ பழந்தமிழில் கடற்கரைச் சோலையைக் குறிக்க, 2100 மீட்டர் உயரத்தில் அது காட்டைக் குறிப்பதாகக் கொள்ளவேண்டியுள்ளது. ‘கோடைக்காலத்துக் காடு’ என வழிகாட்டி நூல்கள் தரும் எளிய விளக்கத்தை மொழிபெயர்ப்போர் அப்படியே எடுத்தாளாதிருத்தல் நலம்.

மலைவாழிடங்கள் மொழியியலுக்கும் களமாயின என்பது வேறொரு செய்தி. கால்டுவெல் 1856இல் தோடர், கோத்தர் மொழிகளைத் திருந்தா மொழிகளின் வரிசையில் வைத்தார். 1891இல் அவர் மறைந்தது கோடைக்கானலில். 1930களில் எமனோ நீலகிரியில் தங்கித் திரட்டிய தரவுகளே அவ்விரு மொழிகளுக்கும் இன்றும் அடிப்படை. நிலம் தோடருக்கே உரியது என்று சல்லிவன் அரசுடன் வாதிட்டார். பெயரும் அவர்களுக்கு உரியது என வாதிட எவரும் முன்வரவில்லை.

அரசின் ஊர்ப்பெயர்ப் பட்டியல்களிலும் வழிகாட்டி நூல்களின் மொழிபெயர்ப்புகளிலும் வழக்குப்பெயருக்கு அருகே தோடர், கோத்தர் வடிவத்தையும் தருவது இயலக்கூடியதே. கோத்தகிரியை அடுத்த தம் ஊரைக் கோத்தர் கேரி என்றோ கிரி என்றோ அழைப்பதில்லை. அதற்கு அவர்கள் மொழியில் வேறு பெயருண்டு. இடர்ப்பாடு எழுத்தில் உள்ளது. தோடர் மொழியில் எமனோ கண்ட உயிர்கள் நெடிலும் குறிலுமாகப் பதினாறு. ரகர வகை ஒலிகளும் உரசொலிகளும் தமிழ் வரிவடிவம் காட்டவியலாத அளவில் பலவாக உள்ளன. ‘மொத்’ என மேலே எழுதியதும் அண்ணளவே. கூடுதல் குறிகளுடன் கூடிய தமிழ் ஒலிபெயர்ப்பு முறை ஒன்றை முதலில் வகுத்துக்கொண்டு, பிறகே பட்டியலைத் தொடங்க வேண்டும்.