பங்கு கேட்ட தம்பி: வேல்ஸ் இளவரசன் தாவித்

வேல்ஸ் வரலாற்றில் தாவித் ஆப் கிரிஃபித்துக்கு (1238–1283) நல்ல பெயர் இல்லை. அண்ணன் லுவெலினை மும்முறை எதிர்த்தவன். இருமுறை ஆங்கில அரசனிடம் போய்ச் சேர்ந்தவன். ஆயினும் அவன் வாழ்வைத் துரோகக் கதையாக மட்டும் படித்தால் பாதி விளங்காது. அடியில் இருந்தது ஒரு பாகப்பிரிவினை வழக்கு.

ஹவல் தா என்ற மன்னன் பெயரால் வழங்கும் வேல்ஸ் சட்டத்தில் தந்தையின் நிலம் மகன்கள் அனைவருக்கும் உரியது. தந்தை தன் மகனென ஏற்றால், மணவுறவுக்கு வெளியே பிறந்தவனுக்கும் பங்கு உண்டு. இளையவன் பிரித்து வைக்க, மூத்தவன் முதலில் எடுத்துக்கொள்வான். அரியணைக்கு மட்டும் வாரிசு ஒருவனே. நாடு குடும்பச் சொத்தா, பிரிக்கலாகாத ஆட்சியா என்ற கேள்வியில்தான் வட வேல்ஸின் குவினெத் அரசகுடும்பம் சிதைந்தது.

தாவித்தின் பாட்டன் பெரிய லுவெலின், மணவுறவுக்கு வெளியே பிறந்த மூத்த மகன் கிரிஃபித்தை ஒதுக்கி, ஆங்கில அரசன் ஜானின் மகள் பெற்ற இளையவனை வாரிசாக்கினான். பின்னர் ஆங்கிலேயர் கையில் சிக்கி லண்டன் கோபுரத்தில் அடைபட்ட கிரிஃபித், 1244இல் துணிகளை முடிந்து கயிறாக்கித் தப்ப முயன்று விழுந்து இறந்தான். அவன் மகன்தான் தாவித். வாரிசாகிப் பட்டத்திலிருந்த சிற்றப்பன் 1246இல் பிள்ளையின்றி மறைய, மூத்தவர்களான ஓவைனும் லுவெலினும் நாட்டைப் பிரித்துக்கொண்டனர். ஆளான தாவித் தன் பாகத்தைக் கேட்டான். 1255இல் பிரின் டெர்வின் போர்க்களத்தில் லுவெலின் உடன்பிறந்தார் இருவரையும் வென்றான். ஓவைன் இருபது ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தான். தாவித் விரைவில் வெளிவந்தான்.

இந்தப் பங்காளிப் பகை ஆங்கில அரசுக்கு வாய்ப்பானது. 1267 மான்ட்கோமரி உடன்படிக்கை லுவெலினை வேல்ஸ் இளவரசனாக ஏற்றது. 1263இல் ஆங்கிலேயர் பக்கம் சென்றிருந்த தம்பிக்கு நிலம் தரவேண்டும் என்ற நிபந்தனையையும் உடன் வைத்தது. 1274இல் லுவெலினைக் கொல்லத் தாவித் சேர்ந்திருந்த சதி பனிப்புயலால் தவறியது. மீண்டும் இங்கிலாந்துக்கு ஓடினான். 1277 போரில் ஆங்கில அரசன் முதலாம் எட்வர்டின் பக்கம் நின்று, ருவோனியோக், க்ளூயித் பள்ளத்தாக்குப் பகுதிகளைப் பெற்றான்.

கேட்ட நிலம் கைக்கு வந்தும் உரிமை வரவில்லை. அவன் நிலத்தின்மீது செஸ்டர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வேல்ஸ் நிலத்துக்கு வேல்ஸ் சட்டமே செல்லும் என்று அவன் வாதாடினான். 1282 மார்ச்சில் ஹார்டன் கோட்டையைத் தாக்கினான். அண்ணனும் போரில் இறங்கினான். டிசம்பர் 11இல் லுவெலின் கொல்லப்பட, பங்கு கேட்டவனுக்கு முழு நாடும் வந்தது, சில மாதங்களுக்கு மட்டும். 1283 அக்டோபரில் ஷ்ரூஸ்பரியில் அவனைத் தூக்கிலிட்டு, உடலைக் கூறுபோட்டனர். இரு மகன்களும் பிரிஸ்டல் கோட்டைச் சிறைக்குப் போயினர்.

1284இல் எட்வர்டின் ருத்லன் சட்டம் வேல்ஸ் மக்களுக்குப் பாகப்பிரிவினையை விட்டுவைத்தது. மணவுறவுக்கு வெளியே பிறந்தவருக்குப் பங்கை மறுத்தது. அந்த விதி முன்பே இருந்திருந்தால் கிரிஃபித்துக்குப் பங்கே இல்லை. தாவித் கேட்பதற்கும் ஒன்றும் இருந்திராது.