மாற்று ரெக்கவரியும் கருவியின் உடைமையும்: ஆண்ட்ராய்டு திறன்பேசி வரலாற்றில் ஓர் ஆய்வு (2008–2018)

ஆய்வுச்சுருக்கம்

ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் உற்பத்தியாளர் அமைத்த ரெக்கவரியை அகற்றி, பயனர் தாமே வேறொரு ரெக்கவரியை நிறுவும் வழக்கம் 2008ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றியது. தொழில்நுட்ப ஆர்வலர்தம் பொழுதுபோக்காகவே பெரிதும் கருதப்பட்டுவந்த இவ்வழக்கம், விலைகொடுத்து வாங்கிய கருவியில் எம்மென்பொருள் இயங்கலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை யாருக்குரியது என்னும் வினாவோடு தொடக்கம் முதலே பிணைந்திருந்தது. பிழைவழித் திறப்பு, இசைவுவழித் திறப்பு, நினைவகப் பிரிவின் மறைவு என்னும் மூன்று கட்டங்களாக அதன் வரலாற்றைப் பகுத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆண்ட்ராய்டு, ரெக்கவரி, ரூட் உரிமை, பூட்லோடர், மின்கையொப்பம், உடைமை.

முன்னுரை

மிதிவண்டியையோ தையல் எந்திரத்தையோ வாங்கியவர் அதைப் பிரித்துப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் விற்றவரின் இசைவை நாடுவதில்லை. திறன்பேசியின் நிலை வேறு. கருவி வாங்கியவரின் கையில் இருந்தாலும், அதனுள் இயங்கும் மென்பொருளை மாற்றுவதற்கான திறவுகோல் உற்பத்தியாளரிடமே இருக்கிறது. இத்திறவுகோல் செயற்படும் இடங்களுள் முதன்மையானது ரெக்கவரி எனப்படும் சிறிய மென்பொருள். ரூட் உரிமை பெற்ற திறன்பேசியில் மாற்று ரெக்கவரியை நிறுவுதல் எவ்வாறு தோன்றியது, ஏன் தேவைப்பட்டது, பின்னர் ஏன் அருகியது என்பவற்றை அடுத்துவரும் பகுதிகள் விளக்குகின்றன.

1. ரெக்கவரியின் அமைப்பும் பணியும்

ஆண்ட்ராய்டு திறன்பேசியின் நிலைநினைவகம் பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். பூட், சிஸ்டம், டேட்டா, கேஷ், ரெக்கவரி ஆகியன அவற்றுட் சில. மின்விசையை அழுத்தியதும் முதலில் இயங்குவது பூட்லோடர். அது வழக்கமான நிலையில் பூட் பிரிவிலுள்ள கெர்னலை ஏற்றி முதன்மை இயங்குதளத்தைத் தொடங்கும். குறிப்பிட்ட பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாலோ, புதுப்பிப்பு ஒன்று காத்திருந்தாலோ ரெக்கவரிப் பிரிவை ஏற்றும். அப்பிரிவில் தனக்கென ஒரு கெர்னலும் சிறு கோப்புத் தொகுதியும் கொண்ட தனி இயங்குதளமே அமைந்திருந்தது. முதன்மை இயங்குதளம் சிதைந்தாலும் ரெக்கவரி இயங்கும். ரெக்கவரி சிதைந்தாலும் முதன்மை இயங்குதளம் இயங்கும்.

உற்பத்தியாளரின் ரெக்கவரி செய்யும் பணிகள் இரண்டே: தரவுகளை அழித்துக் கருவியைத் தொடக்கநிலைக்குக் கொண்டுவருதல், புதுப்பிப்புத் தொகுப்பை நிறுவுதல். தொகுப்பை நிறுவுமுன் அதன் மின்கையொப்பத்தைத் தன்னுள் பதிந்துள்ள பொதுத் திறவுகோலைக் கொண்டு ரெக்கவரி சரிபார்க்கும். உற்பத்தியாளரின் தனித் திறவுகோலால் கையொப்பமிடப்படாத தொகுப்பு மறுக்கப்படும். ஆகவே, ரெக்கவரியை மாற்றுவது என்பது யாருடைய கையொப்பம் செல்லும் என்பதை மாற்றுவதாகும்.

2. முன்வரலாறு: மூலநிரலும் திறவுகோலும்

ஆண்ட்ராய்டுக்கு முன்பே இவ்வினா எழுந்தது. டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக்கருவி லினக்சு கெர்னலைப் பயன்படுத்தியது. பொது உரிமத்தின் 2ஆம் பதிப்பு கோரியபடி மூலநிரலை அந்நிறுவனம் வெளியிட்டது. ஆயினும், திருத்திய நிரல் அக்கருவியில் இயங்காதபடி கையொப்பச் சரிபார்ப்பு தடுத்தது. நிரல் திறந்திருந்தும் கருவி மூடியிருந்த இந்நிலையைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் ‘டிவோவாக்கம்’ என அழைத்தனர். 2007 ஜூனில் வெளிவந்த பொது உரிமத்தின் 3ஆம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளில் திருத்திய நிரலை நிறுவுவதற்கு வேண்டிய தகவலையும் சேர்த்தே வழங்க வேண்டும் என விதித்தது.

லினக்சு கெர்னல் 2ஆம் பதிப்பிலேயே தொடர்ந்தது. ஆண்ட்ராய்டின் பிற பகுதிகளிற் பெரும்பாலானவை அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளியாயின. இவ்விரண்டும் திறவுகோலைத் தருமாறு உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தவில்லை. ரெக்கவரியின் மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம். தம் திறன்பேசியில் அதை ஏற்றுவதற்கு மட்டும் வழியில்லை. மாற்று ரெக்கவரியின் வரலாறு இவ்விடைவெளியிலேயே தொடங்குகிறது.

3. முதற்கட்டம்: பிழை திறந்த வாயில் (2008–2009)

எச்டிசி நிறுவனம் உருவாக்கிய ‘டி-மொபைல் ஜி1’, ஆண்ட்ராய்டு இயங்குதளத்துடன் விற்பனைக்கு வந்த முதல் திறன்பேசியாகும். அமெரிக்காவில் 2008 அக்டோபர் 22 அன்று அது வெளிவந்தது. அடுத்த மாதமே அதிலிருந்த வியப்புக்குரிய பிழையொன்று வெளிப்பட்டது. விசைப்பலகையில் தட்டச்சிடப்பட்ட எழுத்துகள் திரையில் தோன்றியதோடு, பின்னணியில் ரூட் உரிமையுடன் இயங்கிய கட்டளை முனையத்துக்கும் சென்றன. உரையாடலுக்கிடையே ‘ரீபூட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சிட்டு நுழைவு விசையை அழுத்தினால் கருவி அணைந்து மீண்டும் தொடங்கியது. இவ்வழியே டெல்நெட் சேவையை இயக்கியோர் கருவியின் முழு உரிமையையும் பெற்றனர்.

கூகுள் விரைவில் ஆர்சி30 என்னும் புதுப்பிப்பின்வழி அப்பிழையைக் களைந்தது. இங்குதான் ரூட் உரிமையின் நிலையாமை புலப்பட்டது. பிழையால் கிடைத்த உரிமை, பிழை திருத்தப்பட்டதும் நீங்கிவிடும். திருத்தத்தை நிறுவுவதோ உற்பத்தியாளரின் ரெக்கவரி. எனவே, ரூட் உரிமை கையிலிருக்கும்போதே ரெக்கவரியை மாற்றிவிடுவது அவ்வுரிமையைக் காக்கும் வழியாயிற்று.

தொடக்ககால மாற்று ரெக்கவரிகள், ஆண்ட்ராய்டு மூலநிரலோடு வெளியிடப்பட்ட சோதனைத் திறவுகோல்களை ஏற்றுக்கொண்டன. அச்சோதனைத் திறவுகோலின் தனிப்பகுதியும் மூலநிரலிலேயே இருந்ததால், அதைக் கொண்டு எவரும் கையொப்பமிட முடிந்தது. பூட்டு அப்படியே இருந்தது, திறவுகோல் பொதுவுடைமையானது. இதனோடு ‘நேன்ட்ராய்டு’ என்னும் முழுக்காப்பு முறையும் இணைந்தது. நினைவகப் பிரிவுகளை உள்ளபடியே படியெடுத்து வைத்துக்கொண்டு, சோதனை தோல்வியுற்றால் பழைய நிலைக்கு மீள அது உதவியது. பயனர் அஞ்சாமல் கருவியை மாற்றியமைக்கத் துணிந்தமைக்கு இக்காப்பு முறை முதன்மையான காரணமாகும்.

ஸ்டீவ் காண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் என்னும் மாற்று இயங்குதளம் இச்சூழலில் வளர்ந்தது. கூகுளின் மூடிய செயலிகளைச் சேர்த்து வழங்கியதற்காக 2009 செப்டம்பரில் அதற்குக் கூகுள் நிறுவனத்தின் தடைக்கடிதம் வந்தது. அதன்பின் இயங்குதளம் தனியாகவும் அச்செயலிகள் தனியாகவும் நிறுவப்படலாயின. சட்டச்சிக்கல் ஒன்று ரெக்கவரியில் அடுத்தடுத்து இரு தொகுப்புகளை ஏற்றும் நடைமுறையாக உருவெடுத்தது.

4. இரண்டாம் கட்டம்: இசைவுவழித் திறப்பு (2010–2015)

2008 டிசம்பரில் பதிவுபெற்ற உருவாக்குநர்களுக்கு மட்டும் 399 டாலர் விலையில் திறந்த பூட்லோடருடன் கூடிய கருவியைக் கூகுள் விற்றது. 2010 ஜனவரியில் வெளிவந்த நெக்சஸ் ஒன் அவ்வாய்ப்பைப் பொதுமக்களுக்கும் விரித்தது. கணினியிலிருந்து ஃபாஸ்ட்பூட் கருவியின்வழி ஒரு கட்டளை இட்டால் பூட்லோடர் திறக்கும். உத்தரவாதம் செல்லாது போகலாம் என்னும் எச்சரிக்கை திரையில் தோன்றும். பயனர் அதை ஏற்றபின் எந்த ரெக்கவரிப் படிமத்தையும் ஏற்றலாம். பிழையைத் தேடும் தேவை இதனால் நீங்கியது.

எல்லா நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றவில்லை. 2010இல் வெளிவந்த மோட்டோரோலா டிராய்டு எக்ஸ் பூட்டிய பூட்லோடரைக் கொண்டிருந்தது. ரெக்கவரிப் பிரிவில் வேறு படிமத்தை எழுதினால் அதை பூட்லோடர் ஏற்காது. அத்தகைய கருவிகளில் ரூட் உரிமையைப் பயன்படுத்தி, இயங்குதளம் தொடங்கும் வழியிடையே புகுந்து, சிஸ்டம் பிரிவில் வைத்த ரெக்கவரியை இயக்கும் உத்தி கையாளப்பட்டது. பூட்டு உடைக்கப்படவில்லை, அது கடந்துசெல்லப்பட்டது. பயனர்களின் தொடர்ந்த வேண்டுகோளுக்குப்பின், தம் நிறுவனம் இனி பூட்லோடரைப் பூட்டாது என 2011 மே மாதத்தில் எச்டிசியின் தலைமைச் செயல் அலுவலர் பீட்டர் சோ அறிவித்தார்.

சட்டத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. திறன்பேசியில் வேறு செயலிகளை இயக்குவதற்காகப் பூட்டைக் கடப்பது பதிப்புரிமைச் சட்ட மீறலாகாது என 2010 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகர் விலக்களித்தார். 2012இல் திறன்பேசிக்கு விலக்கு நீடித்தது, கைக்கணினிக்கு மறுக்கப்பட்டது. 2015இல் கைக்கணினியும் சேர்க்கப்பட்டது. ஒரே மென்பொருளைத் தாங்கிய இருவகைக் கருவிகளுக்கு மூன்றாண்டுக் காலம் இருவேறு நீதி வழங்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

இக்கட்டத்தில் கௌசிக் தத்தா உருவாக்கிய கிளாக்வொர்க்மாட் ரெக்கவரி பரவலாயிற்று. அவருடைய ரோம் மேனேஜர் செயலி, ரூட் உரிமை பெற்ற கருவியில் கணினியின் துணையின்றியே ரெக்கவரியை நிறுவியது. 2011இல் தொடங்கிய டீம் வின் ரெக்கவரித் திட்டம், பொத்தான்களால் நகர்த்தும் பட்டியலுக்கு மாறாகத் தொடுதிரையில் இயங்கும் இடைமுகத்தை அளித்தது.

5. ரூட் உரிமையும் ரெக்கவரியும்: நிறுவல் முறை

ரூட் உரிமை பெற்ற கருவியில் நிறுவல் மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது, அக்கருவி மாதிரிக்கென்றே உருவாக்கப்பட்ட படிமத்தைத் தேர்தல். பிரிவுகளின் பெயரும் இருப்பிடமும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். பிழையான பிரிவில் எழுதினால் கருவி தொடங்காமலே போகலாம். இரண்டாவது, முனையக் கட்டளையாலோ செயலியாலோ ரெக்கவரிப் பிரிவில் படிமத்தை எழுதுதல்.

மூன்றாவது படியே வரலாற்று நோக்கில் சிறப்புடையது. பல கருவிகளின் சிஸ்டம் பிரிவில், ரெக்கவரியைச் சரிபார்க்கும் ஒரு சிறு நிரல் இருந்தது. ஒவ்வொரு முறை இயங்குதளம் தொடங்கும்போதும் அது ரெக்கவரிப் பிரிவை ஆராயும். மாறியிருந்தால், பூட் படிமத்தோடு வேறுபாட்டுக் கோப்பைச் சேர்த்து உற்பத்தியாளரின் ரெக்கவரியை மீண்டும் உருவாக்கி எழுதிவிடும். நிறுவிய ரெக்கவரி மறுதொடக்கத்தில் மறைந்தமைக்கு இதுவே காரணம். அந்நிரலை நீக்க ரூட் உரிமை வேண்டும். பூட்லோடர் வழியே நிறுவுவோர், இயங்குதளம் தொடங்குமுன் நேரே மாற்று ரெக்கவரிக்குள் நுழைந்து அதைச் செயலிழக்கச் செய்தனர். இவ்வாறு, ரூட் உரிமையைக் காக்க ரெக்கவரியும், ரெக்கவரியைக் காக்க ரூட் உரிமையும் தேவைப்பட்டன.

இவ்வுரிமையின் பயன் தமிழ்ப் பயனர்க்கும் நேரடியானது. ஆண்ட்ராய்டின் தொடக்ககாலப் பதிப்புகளில் தமிழ் எழுத்துரு இல்லாமையால் தமிழ் உரை கட்டங்களாகவே தோன்றியது. எழுத்துருக்கள் படிக்க மட்டுமே இசைவுள்ள சிஸ்டம் பிரிவில் இருந்தன. ரூட் உரிமை இல்லாதவர் அங்கு எழுத்துருவைச் சேர்க்க இயலாது. தம் கருவியில் தம் மொழியைப் படிப்பதே உற்பத்தியாளரின் இசைவைச் சார்ந்திருந்த நிலை அது.

6. மூன்றாம் கட்டம்: பிரிவின் மறைவு (2016–2018)

மாற்று ரெக்கவரிக்கு எதிரான வாதம் வலுவற்றதன்று. தரவு மறையாக்கம் செய்யப்படாத கருவியில், திரைப்பூட்டைத் திறக்காமலே மாற்று ரெக்கவரியின்வழி கோப்புகளைப் படிக்க முடிந்தது. திருடனின் கையிலும் அதே ரெக்கவரி அதே பணியைச் செய்யும். பூட்லோடரைத் திறக்கும்போது தரவு முழுதும் அழிக்கப்படுவது இக்காரணம் பற்றியே. 2013இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பு சிஸ்டம் பிரிவின் மாறாமையைச் சரிபார்க்கும் டிஎம்-வெரிட்டி முறையைக் கொணர்ந்தது. 2016இல் வெளிவந்த 7.0 பதிப்பு அச்சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. சாம்சங் நிறுவனம் 2013 முதல் நாக்ஸ் அமைப்பில், வேற்றுப் படிமம் ஏற்றப்பட்டதை மீட்க இயலாதபடி பதியும் மின்னுருகியைப் பயன்படுத்தியது.

2016 அக்டோபரில் வெளிவந்த கூகுள் பிக்சல், இரட்டைப் பிரிவு முறையைப் பின்பற்றியது. இயங்குதளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதுப்பிப்பு மறுபிரிவில் நிறுவப்பட்டது. அதனால் புதுப்பிப்புக்கெனத் தனி ரெக்கவரிப் பிரிவு வேண்டாததாயிற்று. ரெக்கவரியின் கோப்புகள் பூட் படிமத்துக்குள் ஒடுங்கின. அதே ஆண்டில் வெளிவந்த மேஜிஸ்க், சிஸ்டம் பிரிவைத் தொடாமல் பூட் படிமத்தைத் திருத்தி ரூட் உரிமை அளித்தது. ரெக்கவரியும் ரூட் உரிமையும் ஒன்றையொன்று தாங்கிய உறவு இவ்விரு மாற்றங்களால் தளர்ந்தது.

இசைவுவழித் திறப்பின் வரம்பும் வெளிப்பட்டது. பூட்லோடர் திறப்புக்குறியை வழங்கிவந்த ஹுவாவே நிறுவனம் 2018இல் அச்சேவையை நிறுத்தியது. அளிக்கப்பட்ட இசைவு திரும்பப் பெறத்தக்கது என்பதற்கு இது சான்றாகும்.

இதற்கு மாறான வழியும் இருந்தது. 2017இல் வெளிவந்த பிக்சல் 2 முதலான கருவிகளில் பயனர் தம்முடைய பொதுத் திறவுகோலைப் பதிந்து, பூட்லோடரை மீண்டும் பூட்ட முடிந்தது. சரிபார்ப்பு முழுமையாக இயங்கும். செல்லத்தக்க கையொப்பம் பயனர் தேர்ந்ததாக இருக்கும். பாதுகாப்பும் உடைமையும் ஒருங்கே இயலும் என்பதை இவ்வமைப்பு மெய்ப்பித்தது.

முடிவுரை

மாற்று ரெக்கவரி முதலில் பிழையாலும் பின்னர் நிறுவனங்களின் இசைவாலும் நிலைபெற்று, இறுதியில் கருவியின் உள்ளமைப்பு மாறியதால் தன் இடத்தை இழந்தது. மூன்று கட்டங்களிலும் மாறாதிருந்தது திறவுகோல் பற்றிய வினாவே. மூலநிரல் திறந்திருப்பது கருவி திறந்திருப்பதற்கு ஈடாகாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. திருடனிடமிருந்து கருவியைக் காக்கும் பூட்டு உடையவரையும் வெளியே நிறுத்தியாக வேண்டும் என்னும் தொழில்நுட்பக் கட்டாயம் ஏதுமில்லை. அவ்வாறு நிறுத்துவது நிறுவனங்களின் தெரிவேயாகும். கருவிகளின் உடைமை, பழுதுபார்க்கும் உரிமை, மொழிசார் தகவமைப்பு ஆகியவை பற்றிய ஆய்வுகள் இத்தெரிவைக் கணக்கிற்கொள்வது இன்றியமையாதது.