இருளிலே நிகழ்ந்த கூர்ப்பு

புத்தூருக்கு அண்மையில் உள்ள நிலாவரைக் கிணற்றைக் கண்டவர்கள், யாழ்ப்பாணத்தின் உயிர்நாடி சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே தேங்கும் நீரே என்பதை அறிவர். கதிரவனைக் காணாத அத்தகைய நீரில் முதுகெலும்புள்ள உயிரொன்று வாழக் கூடுமா? நமது தீவிலே சலமந்தர் இனம் இல்லை. ஆயினும் வினாவுக்கு விடை பிற நிலங்களில் உண்டு.

இன்றைய சுலோவீனியாவிலே, பெருமழைக்குப் பின் குகைகளினின்று வெளிப்பட்ட வெளிறிய குருட்டுச் சலமந்தரைக் குடியானவர்கள் பறவைநாகத்தின் குஞ்சு என்று நம்பினர். 1689இல் வல்வசோர் அந்நம்பிக்கையை எழுதிவைத்தார். 1768இல் லோரெந்தி அதற்குப் புரோத்தியசு எனப் பெயரிட்டு வகைப்படுத்தினார். குகை விலங்குகள் கண்ணிழந்தமைக்குப் பயன்படாமையே காரணம் என்றார் டார்வின், 1859இல். இருளிலே கண் கெடுவதால் உயிருக்கு இழப்பில்லை. ஆதலின் கண்ணைக் குலைக்கும் மாற்றங்களை இயற்கைத் தேர்வு களைவதில்லை என்று இன்று விளக்குவர்.

நமக்கு மிக அண்மையான சான்று கேரளத்தின் செம்புரைக்கல் நீரிலே உள்ளது. அது சலமந்தரன்று, மீன். கோட்டயத்துக் கிணறுகளிலே கிடைத்த, ஒன்றரை அங்குல அளவான, இரத்தச் சிவப்பான, கண்ணற்ற கெளுத்தியை 1950இல் மேனன் விவரித்தார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் அன்றைய இயக்குநர் ஹோராவின் பெயரால் அப்பேரினம் ஹோராகிளானிஸ் ஆயிற்று. 2004இல் இரண்டாம் இனமும், 2012இல் அப்துல் கலாமின் பெயர் தாங்கிய மூன்றாம் இனமும் சேர்ந்தன.

2023இல் விவரிக்கப்பட்ட நான்காவதன் பெயரே நம்மைக் கவர்வது. 'பொப்புலி' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'மக்களுடைய' என்பது பொருள். கிணறு தோண்டும்போதும் இறைக்கும்போதும், சில வேளை வீட்டுக் குழாயிலும், இம்மீனைக் கண்டு ஆய்வாளருக்கு அறிவித்தவர்கள் ஊர் மக்களே. இயக்குநர், முன்னாள் குடியரசுத் தலைவர், பின்னர் மக்கள்! பெயர் போய்ச் சேர்ந்த இவ்வரிசையும் ஒரு வரலாறுதான்.

அவ்வாய்வு வேறொன்றையும் காட்டியது. இம்மீன்கள் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றாயிருப்பினும் பரம்பரையலகுகளில் பெரிதும் பிரிந்துவிட்டன. உருவம் மாறாதிருக்கக் கூர்ப்பு உள்ளே நடந்துகொண்டே இருந்திருக்கிறது. கண்ணால் மட்டும் வகுத்திருந்தால் பிரிவுகள் பல நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அறிவியலார் இறங்கிச் செல்ல இயலாத அவ்வுலகுக்குக் கிணறே வாயில். நமது குடாநாட்டு நிலத்தடி நீருக்குள்ளோ மண்ணினூடாகவும் கல்வெடிப்புகளினூடாகவும் தோட்ட உரத்தின் நைத்திரேற்றும் இறங்கிவருகின்றது. அடுத்த முறை கிணறு இறைத்துச் சேறு வாரும்போது, வாளியில் வருவதைக் கொட்டுமுன் நம் மாணவர் சற்று உற்றுப் பார்க்கட்டும்.