ஒரே எலும்புக்கூடு, ரெண்டு வண்டி

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் படத்தைப் பார்த்தா எல்லாரும் "ஆஹா" என்கிறார்கள். பக்கத்துல ட்ரையம்ப் ஹெரால்டை நிறுத்தினா "தகர டப்பா" என்று ஒரு சிரிப்பு. எனக்கு இதுல கொஞ்சம் கோபம் உண்டு மக்களே. ஏன்னா ஹெரால்டு பெத்த பிள்ளைதான் ஸ்பிட்ஃபயர்!

கதை 1953-ல ஆரம்பிக்குது. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்கு பாடி செஞ்சு குடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிருச்சு. புது வண்டிக்கு ஒரே கூடா பாடி செஞ்சு தர ஆள் இல்லை. வேற வழியில்லாம பழைய முறைக்கே திரும்பினாங்க: கீழே தனி சேஸிஸ், மேலே துண்டு துண்டா போல்ட்டு போட்டு மாட்டின பாடி. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிச்செலோட்டி. 1959-ல ஹெரால்டு வந்தது. 948 சிசி இன்ஜின், முழுசா முன்பக்கம் தூக்கிக்கிற பானெட், 25 அடி வட்டத்துக்குள்ள திரும்புற ஸ்டியரிங். கழட்டி மாட்டுற வண்டி என்பதால் வெளிநாட்டுக்கு அனுப்பிக் கோர்க்கவும் வசதி. 1961-ல நம்ம மெட்ராஸுக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டா வந்து சேர்ந்தது.

அதே சேஸிஸை மிச்செலோட்டி 91.5 அங்குல வீல்பேஸிலிருந்து 83 அங்குலமா வெட்டி, ரெண்டு பேர் உட்கார்ற திறந்த வண்டி ஒண்ணு வரைஞ்சார். கையில காசில்லாம அது ஒரு மூலையில துணி மூடிக் கிடந்தது. 1961-ல கம்பெனியை வாங்கின லேலண்ட்காரங்க துணியை விலக்கிப் பார்த்து "செய்யுங்க"ன்னு சொல்ல, 1962-ல ஸ்பிட்ஃபயர் பிறந்தது. ஹெரால்டு 1200-ல 39 குதிரைசக்தி குடுத்த அதே 1147 சிசி இன்ஜின், ரெட்டைக் கார்புரேட்டரோட இதுல 63 குடுத்தது.

சரி, ரெண்டுக்கும் பொதுவான வியாதிக்கு வருவோம். பின்சக்கரங்கள் 'ஸ்விங் ஆக்ஸில்' வகை. டிஃபரென்ஷியலை ஒட்டின இடத்துல மட்டும் அச்சு மடங்கும். வளைவுல வேகமாப் போய், பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டா பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி, பிடி போயிரும். சுமை ஏத்தினாலோ சக்கரங்கள் காலை அகட்டி நிக்கும், டயர் உள்பக்கமாத் தேயும். ஸ்பிட்ஃபயர்ல ரெண்டு பேர்தான். நம்ம ஊர் ஹெரால்டுல? தாத்தா, பாட்டி, பெட்டி படுக்கை எல்லாம் ஏறும் :-)

வைத்தியம் நடந்த விதத்தைப் பாருங்க. 1970-ல ஸ்பிட்ஃபயர் நாலாம் மாடலுக்கு, ஸ்பிரிங்கின் பெரும்பகுதியை நடுவுல ஆடவிட்டு மடங்கலைக் குறைச்சாங்க. இங்கிலாந்து ஹெரால்டு 1971-ல பழைய அச்சோடயே ஓய்வு பெற்றது. விளையாட்டு வண்டிக்குக் கிடைச்ச மருந்து குடும்ப வண்டிக்குக் கிடைக்கலை.

குடும்ப வண்டிக்கு வைத்தியம் பார்த்தது மெட்ராஸ்தான். 1972-ல ஸ்டாண்டர்டு கெஸல் வந்தப்போ ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிட்டு, நேரான ஒரே கட்டை அச்சைப் போட்டாங்க. பெரிய புதுமை ஒண்ணுமில்லை. ஆனா சுமை ஏறுற வண்டிக்கு அதுதான் தேவை.

அழகுக்கு ஸ்பிட்ஃபயர், ஒத்துக்கறேன். ஆனா அது 1980 வரைக்கும் நின்னது டப்பாவோட எலும்பு மேலதான். அடுத்த தடவை சிரிக்கிறதுக்கு முன்னாடி அதை நினைச்சுக்குங்க. உங்க வீட்டுல ஹெரால்டு இருந்திருந்தா அந்தக் கதையையும் சொல்லிட்டுப் போங்க.